முந்தவும் வேண்டும், குதிரையும் நன்றாக இருக்க வேண்டும்: எண்டூரன்ஸ் கேள்வி பதில்

100 மைலை (160 கி.மீ.) ஒரே நாளில் குதிரையில் கடக்கும் எண்டூரன்ஸ் போட்டி பற்றி வந்த கேள்விகள் இவை. பதில்கள் பெரும்பாலும் அமெரிக்க நடைமுறையை ஒட்டியவை.

கேள்வி: முதல் பத்துக்குள் வர ஆசை. குதிரையின் நலத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் பின்தங்கிவிட மாட்டேனா?

மாட்டீர்கள். வழியிலுள்ள சோதனை முகாமுக்குள் நுழைந்ததும் உங்கள் கடிகாரம் நிற்பதில்லை. குதிரையின் இதயத் துடிப்பு போட்டியின் கால்நடை மருத்துவர் சொன்ன அளவுக்கு (பெரும்பாலும் நிமிடத்துக்கு 60 அல்லது 64) இறங்கும்போதுதான் நிற்கும். கட்டாய ஓய்வு நேரமும் அதன் பிறகே தொடங்கும். கடைசி மைலை விரட்டி ஐந்து நிமிடம் முன்னால் வந்தவர், துடிப்பு இறங்காமல் பன்னிரண்டு நிமிடம் நின்றால் என்ன லாபம்? முகாமுக்கு அரை மைல் முன்பே இறங்கிச் சேணப்பட்டையைத் தளர்த்திவிட்டுக் கூடவே நடங்கள்.

முடிவுக் கோட்டில் மட்டும் கணக்கு வேறு. அங்கே கோட்டைத் தாண்டிய நேரம்தான் இடத்தை முடிவு செய்கிறது. விரட்டும் ஆசையும் அங்கேதான் வரும். ஆனால் அதற்குப் பிறகும் மருத்துவப் பரிசோதனையில் தேறாத குதிரைக்கு எந்த இடமும் கிடையாது.

கேள்வி: துடிப்பு இறங்கிவிட்டால் போதுமா? மருத்துவர் வேறு என்ன பார்க்கிறார்?

போதாது. முதலில் துடிப்பை எண்ணுவார். பிறகு 125 அடி தூரம் குதிரையை டிராட்டில் (நடைக்கும் பாய்ச்சலுக்கும் இடைப்பட்ட சீரான ஓட்டத்தில்) ஓட்டிப்போய்த் திரும்பி வரச் சொல்வார். கிளம்பிய நொடியிலிருந்து ஒரு நிமிடம் ஆனதும் மறுபடி எண்ணுவார். முதலில் 60, இப்போதும் 60 என்றால் நல்லது. 60 என்பது 68 ஆகியிருந்தால் குதிரை வலியையோ நீரிழப்பையோ மறைத்துக்கொண்டு நிற்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். அந்த ஓட்டத்திலேயே நொண்டலும் தெரிந்துவிடும். அப்புறம் ஈறை விரலால் அழுத்துவார். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும். வயிற்றில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் குடல் சத்தம் கேட்பார். சத்தமே இல்லாத வயிறுதான் எனக்கு மிகவும் பயம் தருவது.

கேள்வி: ஆரம்பத்திலேயே எலக்ட்ரோலைட் (வியர்வையில் போகும் உப்புகளை ஈடுகட்டும் கலவை) நிறையக் கொடுத்துவிடலாமா?

வேண்டாம். குதிரையின் வியர்வையில் உப்பு மிக அதிகம். நீரோடு உப்பும் போய்விடுவதால், உடல் வற்றினாலும் அதற்குத் தாகம் எடுக்காமல் போகலாம். சரி, உப்பைக் கொடுப்போம் என்று தண்ணீர் குடிக்காத குதிரைக்குக் கெட்டியான பேஸ்ட்டைக் கொடுத்தால், அது உடம்பில் மிச்சமிருக்கும் நீரையும் குடலுக்குள் இழுத்துவிடும். முதலில் குடிக்கட்டும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்.

கேள்வி: மருத்துவர் போகலாம் என்கிறார். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. விலகலாமா?

தாராளமாக. மருத்துவர் சில நிமிடங்கள் பார்க்கிறார், நீங்கள் காலையிலிருந்து அதன் முதுகில் இருக்கிறீர்கள். வைக்கோலை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறதா, முன்னே போகும் குதிரையைப் பார்த்தும் காதை உயர்த்தவில்லையா, அன்றைக்கு அவ்வளவுதான். கலிபோர்னியாவில் 1955 முதல் நடக்கும் டெவிஸ் கோப்பையில் கிளம்புவோரில் ஏறக்குறைய பாதிப் பேர் முடிப்பதில்லை. அதே போட்டியில் முதல் பத்தில் வந்த குதிரைகளுள் மிக நல்ல உடல்நிலையில் இருப்பதற்கு ஹேகின் கோப்பை தருகிறார்கள். முதலிடத்தைவிட அதைப் பெரிதாக நினைப்பவர்கள் நிறைய. நானும் அப்படித்தான்.

கேள்வி: வேகத்துக்கே வரம்பு வைத்தால் என்ன?

வைத்துப் பார்த்திருக்கிறார்கள். சமதளப் பாலைவனத் தடங்களில் வேகம் எல்லை மீறி, கால் முறிந்து குதிரைகள் சாவது பெரும் சர்ச்சையாகி, 2015இல் சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு ஐக்கிய அரபு அமீரகத்தை இடைநீக்கம் செய்தது. அதே நாட்டின் பூதீப் தடத்தில் மணிக்கு 20 கி.மீ. வரம்பு, துடிப்பு 56க்கு இறங்க வேண்டும் என்று கடுமையான விதிகள் கொண்டுவந்தார்கள். எனக்கு அது சரியாகவே படுகிறது. மலைப்பாதையில் ஏற்ற இறக்கமே வேகத்தைக் கட்டிவிடும், சமதளத்தில் விதிதான் கட்ட வேண்டும்.

கேள்வி: சூடான குதிரை மேல் குளிர்ந்த நீர் ஊற்றலாமா?

ஊற்றலாம், பயம் வேண்டாம். ஊற்றிய நீரை வழித்தெடுத்துக்கொண்டு நேரத்தை வீணாக்காமல் உடம்பு முழுக்க நிறுத்தாமல் ஊற்றுங்கள்.