வருமானம் குறைவாக இருப்பவர்கள் எல்லையில் இருக்கும் ராணுவ வீரர்களுக்கு எப்படி உதவலாம்?

உங்களுக்கு வீட்டு வாடகையும் பால் பாக்கியும் போக மிஞ்சுவதே கொஞ்சம், ஆனாலும் மனசு கேட்கவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். பத்து ரூபாய் இருந்தால் பத்து ரூபாய். கொடி நாளுக்குப் போடுங்கள்.

நான் பட்டாளத்துக்காரர் மகள். அப்பா மெட்ராஸ் ரெஜிமென்டில் நாயக் பதவியில் இருந்தார். அவர் பென்ஷனில் வந்தபின், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் மூலம் கிடைத்த கல்வி உதவித்தொகையில்தான் காலேஜ் ஃபீஸ் கட்டினேன். கொடி நாள் என்பது, டிசம்பர் 7 வந்தால் சிவப்பு, கருநீலம், வெளிர்நீலத்தில் ஒரு சின்னக் கொடியைச் சட்டையில் குத்திவிடுவார்களே, 1949லிருந்து நடக்கும் அந்த வசூல்தான். “இதுக்கு வேற காசா” என்று முனகிக்கொண்டே போட்டவர்களுக்கும் சேர்த்து என் நன்றி.

“அந்தப் பணம் எல்லைக்குப் போகாதே” என்று யாராவது வருவீர்கள். போகாதுதான். போரில் இறந்தவர்களின் மனைவிமார், ஊனமுற்றவர்கள், ஓய்வுபெற்றவர்களின் குடும்பங்களுக்குப் போகிறது. லடாக்கின் லேயில் காவல் நிற்கிறவருக்கு இருக்கும் பெரிய கவலையே தனக்கு ஒன்று ஆனால் வீடு என்னாகும் என்பதுதான். அரசாங்கம் செய்ய வேண்டியதுதானே என்றால், செய்யட்டும், நான் வேண்டாமென்றா சொன்னேன்?

பொருள் வாங்கி அனுப்பும் யோசனை மட்டும் வேண்டாம். பெயர், நம்பர், யூனிட் தெரியாமல் பார்சல் போகாது. சாக்ஸ், ஜாக்கெட்டெல்லாம் அங்கேயே கொடுக்கிறார்கள். அப்பா லேயில் இருந்தபோது அம்மா முறுக்கு சுட்டு, பிஸ்கட் டின்னில் அடுக்கி, வெள்ளைத் துணி வைத்துத் தைத்து, மேலே 56 ஏ.பி.ஓ. என்று ராணுவத் தபால் முகவரியை ஸ்கெட்ச் பேனாவில் எழுதி அனுப்பினார். அப்பாவிடமிருந்து பதில் வந்தது: “முறுக்கு மாவாக வந்தது, எல்லோரும் ஸ்பூனில் அள்ளித் தின்றோம். இனிமேல் அந்தக் காசுக்கு இன்லேண்ட் லெட்டர் வாங்கிப் போடு.”

2016 பிப்ரவரியில் சியாச்சின் பனிச்சரிவில் பத்துப் பேர் புதைந்தார்கள், அதில் நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள். மக்கள் பணம் கொடுக்க முன்வந்ததைப் பார்த்துத்தான் போரிலும் பணியிலும் உயிரிழந்த, ஊனமுற்ற வீரர்களின் குடும்பங்களுக்கென்று தனி நிதி தொடங்கினார்கள். 2022லிருந்து ‘மா பாரதி கே சபூத்’ இணையதளம் வழியாகவே அதற்கு அனுப்பலாம். ‘பாரத் கே வீர்’ வேறு, அது சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். போன்ற துணை ராணுவத்தினருக்கு. வாட்ஸப்பில் வரும் அக்கவுன்ட் நம்பருக்கு மட்டும் தயவுசெய்து போடாதீர்கள். ராணுவத்தை நவீனமாக்க நன்கொடை தாருங்கள் என்று சுற்றிய ஒரு செய்தியை, 2025 ஏப்ரலில் பாதுகாப்பு அமைச்சகமே தவறானது என்று மறுத்தது.

அப்புறம், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். கார்கில் நேரத்தில் எங்கள் வீட்டுப் பக்கமே எட்டிப்பார்க்காத சொந்தக்காரர்கள், அப்பா ரிட்டயரானதும் பாசமாக வந்து கேட்டது ஒன்றே ஒன்று: “மாமா, கேன்டீன் கோட்டாவுல இந்த மாசம் எத்தனை பாட்டில்?” தீபாவளிக்கு இன்றும் போன் வருகிறது. ராணுவ கேன்டீனில் கிடைக்கும் மது பாட்டிலைத்தான் கேட்கிறார்கள். அப்பா குடிக்கமாட்டார். அந்தக் கோட்டாவை அவர் வாங்குவதே இல்லை என்றால் ஒருத்தரும் நம்புவதில்லை. பாட்டில் கேட்கிறவர்கள் ஆளுக்கு நூறு ரூபாய் கொடி நாளுக்குப் போட்ட ரசீதோடு வரட்டும், பேசிக்கொள்ளலாம்.