முகத்தை மட்டும் காட்டச் சொன்னீர்களே, தம்பி

கேள்வி: நான் சிங்கப்பூரின் தெம்பனிஸில் வசிக்கும் 51 வயதுத் தந்தை. பல்கலைக்கழகப் படிப்பை முடித்த என் மகளுக்குச் செயற்கை நுண்ணறிவு நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. அந்தத் துறையின் மீது எனக்குத் துளியும் நம்பிக்கை இல்லை. மக்களிடம் கேட்காமலேயே அவர்களுடைய தகவல்களை எடுத்துக்கொள்கிறார்கள், ஆட்களின் வேலையைப் பறிக்கிறார்கள். சேராதே என்றேன். "எனக்கு 23 வயதாகிறது. என் விஷயத்தை என்னைக் கேட்டு முடிவு செய்யுங்கள்" என்று சொன்னவள், இரண்டு வாரமாகப் பேசுவதில்லை. என் அம்மாவிடம் இந்தப் பிடிவாதம் கிடையாது. அவருக்கு 76 வயது. சிங்பாஸ் (முகம் காட்டி நுழையும் அரசாங்க மின்னிலக்க அடையாளம்), வங்கி, நாட்டின் 60ஆம் ஆண்டு நிறைவுக்கு அரசாங்கம் தந்த எஸ்ஜி60 பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொள்கிறேன். அவருடைய கைப்பேசிகூட என் மேசையில்தான் இருக்கும். முகம் காட்டச் சொன்னால் காட்டுவார், எதற்கு என்று கேட்க மாட்டார். மகளுக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: தம்பி, உங்கள் மகளைப் பற்றிப் பிறகு பேசுவோம். அம்மாவைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதிவிட்டு நீங்கள் நகர்ந்துவிட்டீர்கள். என்னால் நகர முடியவில்லை.

"முகம் காட்டச் சொன்னால் காட்டுவார், எதற்கு என்று கேட்க மாட்டார்." இதை நீங்கள் குறையாக எழுதவில்லை, பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். மகள் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு முன்மாதிரியாகவே அம்மாவைக் காட்டுகிறீர்கள். கேட்காமல் எடுத்துக்கொள்கிறார்கள் என்று யார் மீது கோபப்படுகிறீர்களோ, அவர்கள் ஆசைப்படும் வாடிக்கையாளர் உங்கள் அம்மாதான். எதையும் படிக்காமல், எதற்கு என்று கேட்காமல், முகத்தைக் காட்டிவிட்டு அடுப்படிக்குத் திரும்பிவிடும் ஒருவர்.

உங்கள் சந்தேகம் தவறு என்று நான் சொல்லவே மாட்டேன். தன் கட்டுரைகளை அனுமதியின்றி எடுத்துப் பயன்படுத்தினார்கள் என்று நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் மீது 2023 டிசம்பரில் வழக்குத் தொடர்ந்தது. செயற்கை நுண்ணறிவு வருவதால் மூன்று ஆண்டுகளில் சுமார் 4,000 தற்காலிக, ஒப்பந்த வேலைகள் குறையும் என்று நம் ஊர் டிபிஎஸ் வங்கியே 2025 பிப்ரவரியில் அறிவித்தது. மக்கள் இந்தத் துறையை முன்போல் நம்பாததில் வியப்பில்லை.

ஆனால் கொவிட் காலத்தில் நாம் பயன்படுத்திய டிரேஸ்டுகெதர் தடமறிதல் செயலியை நினைத்துப் பாருங்கள். தொற்றுத் தடமறிவதற்கு மட்டுமே அந்தத் தகவல் பயன்படும் என்று 2020இல் நமக்குச் சொன்னார்கள். குற்ற விசாரணைக்காகக் காவல்துறையும் அதைக் கேட்டுப் பெறலாம் என்பது 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் தெரியவந்தது. ஒரு கொலை வழக்கின் விசாரணைக்குத்தான் அதை நாடியிருந்தார்கள். கொலைகாரனைப் பிடிக்க வேண்டாம் என்று யாராவது சொல்வோமா? இருந்தும் மக்களுக்குக் கோபம் வந்தது. நோக்கம் நல்லதுதான், எங்களிடம் சொல்லவில்லையே என்ற கோபம் அது. அடுத்த மாதமே சட்டம் கொண்டுவந்து, ஏழு வகைக் கடுமையான குற்றங்களுக்கு மட்டும் என்று வரம்பு கட்டினார்கள். நாட்டையே நிற்கவைத்துக் கேட்ட அந்தக் கேள்வியை உங்கள் வீட்டில் கேட்க ஆளில்லாமல் போய்விட்டது. கடைசியாக அம்மா முகம் காட்டியது எதற்கு? மருந்தகத்துக்கா, மத்திய சேமநிதிக்கா, வங்கிக்கா? அவரைக் கேட்டால் சொல்லத் தெரியுமா?

அம்மாவுக்குப் புரியாது, மோசடிக்காரர்களிடம் ஏமாந்துவிடுவார் என்பீர்கள். பெற்றோரின் சிங்பாஸைக் கையில் வைத்துக்கொண்டு எனக்கு எழுதும் பிள்ளைகள் எல்லோரும் சொல்லும் காரணம் இதுதான். பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2024இல் மட்டும் சிங்கப்பூரில் 1.1 பில்லியன் வெள்ளி மோசடியில் பறிபோனது. ஆனால் ஏமாந்தவர்களில் பெரும்பாலோர் 50 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள். 2025 மார்ச்சில் இங்குள்ள பன்னாட்டு நிறுவனம் ஒன்றின் நிதி இயக்குநர், போலியாக உருவாக்கிய முகங்களைக் காணொளி அழைப்பில் பார்த்து, தன் மேலதிகாரிகள் என்று நம்பி 499,000 அமெரிக்க டாலருக்கு மேல் அனுப்பிவிட்டார். நல்ல வேளையாகக் காவல்துறையினர் மீட்டார்கள். அதற்காக அவருடைய கைப்பேசியை யாரும் பிடுங்கி மேசையில் வைத்துக்கொள்ளவில்லை.

வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்வது பிள்ளைகளின் கடமை. அதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. அவர்களைத் தனியே தவிக்கவிடுகிறவர்களை இந்தப் பக்கத்தில் நான் கடுமையாகத் திட்டியிருக்கிறேன். நீங்கள் அந்த ரகம் இல்லை. உழைக்கிறீர்கள், அலைகிறீர்கள். ஆனால் அம்மாவின் வேலைகளைச் செய்யச் செய்ய, அம்மாவை அதிலிருந்து அப்புறப்படுத்திவிட்டீர்கள். 60 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்களுக்கு எஸ்ஜி60 பற்றுச்சீட்டு 800 வெள்ளி வந்தது. குடும்பத்துக்கு என்று வந்த பணமல்ல, அவர் பெயருக்கு வந்தது. அதில் பாதி உணவங்காடியிலும் அக்கம்பக்கக் கடைகளிலும் செலவழிப்பதற்கு. தெரிந்த காய்கறிக்காரரிடம் தானே போய் நின்று, "இன்று என் கணக்கு" என்று பேத்திக்கு ஏதாவது வாங்கித் தந்திருப்பார். அந்த 800 வெள்ளி எங்கே போனது என்று உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. வீட்டுக்குத்தான் செலவழித்தேன் என்று சொல்லாதீர்கள். கேட்டுச் செலவழித்தீர்களா என்பதே என் கேள்வி.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இன்று இரவே கைப்பேசியை அம்மா கையில் கொடுங்கள். ரகசிய எண்ணை அவரே மாற்றட்டும், நீங்கள் பார்க்க வேண்டாம். சமூக மன்றங்களில் மூத்தோருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லித்தரும் மின்னிலக்கத் தூதர்கள் இருக்கிறார்கள், அழைத்துப் போங்கள். சந்தேகமான அழைப்பு வந்தால் 1799 என்ற எண்ணில் கேட்கலாம் என்று ஒரு தாளில் பெரிதாக எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுங்கள். ஒரே விஷயத்தை அவர் பத்து முறை கேட்பார். பத்து முறையும் பதில் சொல்லுங்கள், நீங்கள் சிறுவனாக இருந்தபோது அவர் சொல்லவில்லையா? நாளை நினைவு தடுமாறினால் என்ன செய்வது என்ற கவலை இருந்தால் அதற்கும் முறையான வழி உண்டு. தன்னால் முடிவெடுக்க முடியாமல் போனால் தனக்காக யார் முடிவெடுக்கலாம் என்று நியமிக்கும் நீடித்த அதிகாரப் பத்திரத்தை அவர் தெளிவாக இருக்கும்போதே எழுதலாம். யாரை நியமிப்பது என்று முடிவு செய்கிறவர் அவர்தான். ஒரு மருத்துவரோ வழக்கறிஞரோ அவருடன் பேசி, புரிந்துதான் செய்கிறார் என்று உறுதி செய்த பிறகே அது செல்லும். சட்டம் காட்டும் அந்த மரியாதையைப் பெற்ற மகன் காட்டக் கூடாதா?

மகள் விஷயம் எளிது. வேலையில் சேரட்டும். இன்ஸ்டகிராமால் இளம் பெண்களுக்கு நேரும் பாதிப்பை ஃபேஸ்புக் நிறுவனமே ஆராய்ந்து அறிந்திருந்ததை 2021இல் வெளியே கொண்டுவந்த பிரான்சஸ் ஹாகன், அங்கே வேலை பார்த்தவர். செயற்கை நுண்ணறிவின் ஆபத்துகளைத் தடையின்றிப் பேசுவதற்காக, அந்தத் துறையின் முன்னோடி விஞ்ஞானி ஜெஃப்ரி ஹின்டன் 2023இல் கூகலை விட்டு விலகினார். அந்தத் துறைக்குள் மனசாட்சியுள்ளவர்கள் போகத்தான் வேண்டும். தன்னைக் கேட்காமல் முடிவு செய்யாதீர்கள் என்று சொல்லத் தெரிந்த பெண், நாளை அந்த அலுவலகத்தில் ஊராருக்காகவும் அதையே சொல்லக்கூடும். அவள் உங்களை எதிர்த்துப் பேசியதாக நினைக்கிறீர்கள். பாட்டியின் முகத்துக்கு நேரே நீங்கள் கைப்பேசியை நீட்டுவதைப் பார்த்து வளர்ந்தவள் அவள் என்பதை மறந்துவிட்டீர்கள்.

அவளிடம் போய்த் துறையைப் பற்றி விவாதிக்காதீர்கள். முதலில் அந்த 800 வெள்ளிக்குக் கணக்கு எழுதி, மகள் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து அம்மாவிடம் கொடுங்கள். அம்மாவைக் கேட்காமல் செலவழித்தது எவ்வளவோ, அவ்வளவையும் ரொக்கமாக அவர் கையில் வையுங்கள்.