பதின்பருவத்தினருக்குக் கடல் கயாக் பயணம்: மனவுறுதியும் தலைமைப் பண்பும் எப்படி வளர்கின்றன?

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. நன்றாகப் படிப்பவள்தான். ஆனால் எந்த வேலையும் முதல் முறையே சரியாக வரவில்லை என்றால் அதை அப்படியே விட்டுவிடுகிறாள். நாலு பேர் நடுவில் தன் கருத்தைச் சொல்லவும் தயங்குகிறாள். அவளுடைய பள்ளியில் ஆறு நாள் கடல் கயாக் (துடுப்பால் செலுத்தும் ஒடுங்கிய சிறு படகு) பயணம் ஒன்றை ஏற்பாடு செய்கிறார்கள். அதனால் மனவுறுதியும் தலைமைப் பண்பும் வளரும் என்கிறார்கள். அவளுக்கு நீச்சல் தெரியும், கடலில் துடுப்பு போட்டுப் பழக்கமில்லை. இது உண்மையிலேயே பயன் தருமா? பாதுகாப்பானதா? ஏற்பாட்டாளர்களிடம் நான் எவற்றைக் கேட்டறிய வேண்டும்?

பதில்: பயன் தரும். ஆனால் கடலில் இறங்கியதாலேயே அந்தப் பயன் கிடைத்துவிடுவதில்லை. உண்மையான விளைவுகளை உடைய முடிவுகள், பிள்ளைகள் தாங்கக்கூடிய அளவில், படிப்படியாக அவர்கள் கையில் ஒப்படைக்கப்படும் பயணங்களில்தான் நீங்கள் எதிர்பார்க்கும் பண்புகள் வளர்கின்றன. எல்லாவற்றையும் பயிற்றுநரே தீர்மானித்து, பிள்ளைகள் அவர் பின்னால் துடுப்பு போட்டுச் செல்லும் பயணம் இனிய சுற்றுலாவாக அமையலாம். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க ஒன்றுமில்லை. மகளை அனுப்புவதா வேண்டாமா என்ற முடிவை இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்தே எடுங்கள்.

இளையோரின் மனவலிமைக்குக் கடலைப் பயிற்சிக்களமாகக் கொள்ளும் எண்ணம் புதிதன்று. ஜெர்மானியக் கல்வியாளர் கர்ட் ஹான், கப்பல் நிறுவனம் நடத்திய லாரன்ஸ் ஹோல்ட்டின் ஆதரவோடு 1941-இல் வேல்ஸின் அபெர்டோவி என்ற கடலோர ஊரில் தொடங்கிய பள்ளியிலிருந்துதான் அவுட்வர்ட் பவுண்ட் இயக்கம் பிறந்தது. போரில் கப்பல் மூழ்கும்போது, உடல்வலு மிக்க இளம் மாலுமிகள் மூத்தவர்களைக் காட்டிலும் விரைவில் நம்பிக்கை இழந்துவிடுகிறார்கள் என்ற கவலை அதன் பின்னணியில் இருந்தது. இத்தகைய சாகசக் கல்வித் திட்டங்களைப் பற்றிய 96 ஆய்வுகளை ஒன்றுதிரட்டி ஜான் ஹாட்டியும் சக ஆய்வாளர்களும் 1997-இல் வெளியிட்ட மதிப்பீடு, தன்னம்பிக்கை, தலைமைத்திறன் போன்றவற்றில் மிதமான முன்னேற்றம் ஏற்படுவதையும், திட்டம் முடிந்த பின்னரும் அது தேயாமல் இன்னும் சற்று வளர்வதையும் காட்டியது. திட்டத்துக்குத் திட்டம் பலன் பெரிதும் மாறுபடுகிறது என்பதும், நீண்ட நாள் திட்டங்களே கூடுதல் பலன் தந்தன என்பதும் அதே மதிப்பீட்டில் உள்ளன. ஆறே நாளில் உங்கள் மகள் முற்றிலும் மாறித் திரும்புவாள் என்று யாரேனும் உறுதியளித்தால் நம்ப வேண்டாம். நல்ல தொடக்கம் ஒன்றை எதிர்பார்க்கலாம்.

மலையேற்றம், பாய்மரப் படகு போன்றவற்றை விட்டுவிட்டுக் கடல் கயாக்கை நான் ஏன் தனியாக மதிக்கிறேன் என்பதற்குக் காரணம் உண்டு. சுமார் 5 மீட்டர் நீளமும் தோளளவே அகலமும் கொண்ட இந்தப் படகில் பெரும்பாலும் ஒருவர்தான் அமர்வார். அவருடைய கூடாரம், உணவு, குடிநீர், மாற்றுடை எல்லாம் அதே படகின் மூடியிட்ட அறைகளுக்குள் போகின்றன. உங்கள் மகளுக்காக வேறொருவர் துடுப்பு போட முடியாது. அதேவேளையில் அவளாகத் தனியே எங்கும் போய்விடவும் முடியாது, ஏனெனில் குரல் கேட்கும் தொலைவுக்குள் எல்லாரும் சேர்ந்தே செல்ல வேண்டும் என்பது இப்பயணங்களின் முதல் விதி. தன் படகுக்குத் தானே பொறுப்பு, குழுவுக்கும் தான் பொறுப்பு என்ற இரண்டையும் ஒரே இருக்கையில் உணரவைக்கும் விளையாட்டுகள் குறைவு.

தவறின் விளைவு ஆசிரியர் வாயிலாக வராமல் நேரடியாக வருவதும் முக்கியம். சுமையை ஒருபக்கமாக அடுக்கினால் படகு நாள் முழுவதும் சாய்ந்தே செல்லும். மூடியைச் சரியாக இறுக்காவிட்டால் இரவில் ஈரமான படுக்கைதான். கயாக்கின் வழக்கமான வேகம் மணிக்கு 3 கடல் மைல், அதாவது ஏறக்குறைய 5.5 கிலோமீட்டர், காலையில் புறப்படத் தாமதமானால் ஓதம் (கடல்நீரின் ஏற்ற இறக்கம்) திரும்பி, நீரோட்டம் எதிராகி, அந்த வேகமும் கரைந்துவிடும். நீர் ஏறுவதற்கோ இறங்குவதற்கோ பல கடற்கரைகளில் ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஆகிறது. அதில் மூன்றாவது, நான்காவது மணி நேரங்களில் மட்டும் மொத்த நீரில் ஏறத்தாழப் பாதி நகர்ந்துவிடுகிறது. இந்தக் கணக்கைப் புறக்கணித்த குழுவுக்குக் கடலே பாடம் நடத்திவிடும். கடலோடு வாதிட முடியாது, சாக்குச் சொல்லவும் முடியாது என்பதைப் பதினைந்து வயதினர் பெரியவர்களைவிட எளிதாக ஏற்றுக்கொள்கிறார்கள்.

முதல் தோல்வியிலேயே ஒதுங்கிவிடும் இயல்பைப் பற்றி நீங்கள் எழுதியிருந்தீர்கள். அதற்கு மிக நெருங்கிய பயிற்சி, பயணத்துக்கு முன் அமைதியான நீரில் கற்பிக்கப்படும் கவிழ்தலும் மீள்தலும்தான். இருக்கைத் திறப்பில் நீர் புகாதபடி மூடும், இடுப்பைச் சுற்றி இறுக்கிய ஸ்பிரே ஸ்கர்ட்டுடன் படகு தலைகீழாகும்போது, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஸ்கர்ட்டின் முன்னுள்ள பட்டையைத் தடவிக் கண்டுபிடித்து இழுத்து, வெளியேறி, படகையும் துடுப்பையும் விடாமல் பற்றிக்கொள்ள வேண்டும். பிறகு துணைக்கு வருபவர் கவிழ்ந்த படகின் முனையைத் தன் படகின் குறுக்கே ஏற்றி நீரை வடித்து, நிமிர்த்திப் பிடித்துக்கொள்ள, நீரில் இருப்பவர் மீண்டும் ஏறி உட்கார வேண்டும். முதல் முறையில் இது பெரும்பாலும் யாருக்கும் ஒழுங்காக வருவதில்லை. பட்டை கைக்கு அகப்படாது, ஏறும்போது படகு மறுபக்கம் புரளும், உப்புநீர் மூக்கில் ஏறும். ஆனால் நன்கு பழகிய இருவர் இரண்டு மூன்று நிமிடங்களில் இதை முடித்துவிடுவார்கள். முடியாது என்று தோன்றியதை, பலமுறை முயன்று, தன் உடலாலேயே முடித்துக்காட்டுவது தன்னால் இயலும் என்ற நம்பிக்கைக்கு வலிமையான ஊற்று என்பதை உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இலேயே விளக்கியிருக்கிறார். பாராட்டுரையும் ஊக்கமொழியும் அதற்கு அடுத்த நிலையில்தான் வருகின்றன.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. அச்சம் ஓரளவு இருந்தால் கவனம் கூடும். எல்லை மீறினால் கற்றல் நின்றுவிடும். தயங்கும் பிள்ளையை எல்லார் முன்னிலையிலும் வற்புறுத்திக் கவிழ்ப்பவர் நல்ல பயிற்றுநர் அல்லர். முதலில் ஸ்கர்ட் இல்லாமல், இடுப்பளவு நீரில், பயிற்றுநரின் கை படகின் மீது இருக்கத் தொடங்கி, அடுத்த படிக்கு எப்போது போகலாம் என்பதை மாணவியே சொல்லும் முறைதான் சரியானது.

இனித் தலைமைப் பண்பு. உரக்கப் பேசுபவர்தான் தலைவர் என்ற எண்ணம் உங்கள் கடிதத்திலும் சற்றுத் தென்படுகிறது. அமெரிக்காவில் 1965-இல் தொடங்கப்பட்ட நோல்ஸ் என்ற வெளிப்புறத் தலைமைப் பள்ளி, தலைமையை நான்கு நிலைகளாகக் கற்பிக்கிறது: நியமிக்கப்பட்ட தலைவராக இருத்தல், தலைவருக்குச் செயலூக்கத்தோடு துணைநிற்றல், சம நிலையினரிடையே தேவையறிந்து முன்வருதல், தன்னைத் தானே நடத்துதல். கடலில் இந்த நான்கும் ஒரே நாளில் தேவைப்படும். நடுக்கடலில் தோழி ஒருத்தி திடீரெனப் பேச்சை நிறுத்திவிட்டதையும், அவள் துடுப்பு வீச்சு குறுகியதையும், பின்தங்கத் தொடங்கியதையும் முதலில் கவனித்துத் தெரிவிப்பவர் பெரும்பாலும் குழுவின் அமைதியான உறுப்பினர்தான். அந்தத் தகவலின் பேரில் முழுக் குழுவும் நின்று, அவளுக்கு உலர்ந்த மேலாடையும் இனிப்பும் கொடுக்கும்போது, தன் சொல்லுக்கு எடை உண்டு என்பதை அமைதியான பிள்ளை கண்கூடாக அறிகிறது.

நல்ல திட்டங்களில் ஒவ்வொரு நாளும் ஒருவரோ இருவரோ அன்றைய தலைவர்களாக இருப்பார்கள். முந்தைய மாலையே வானிலை அறிக்கை, ஓத அட்டவணை, கடல் வரைபடம் ஆகியவற்றைப் பரப்பிவைத்துக்கொண்டு, எப்போது புறப்படுவது, எங்கே கரையேறி இளைப்பாறுவது, இடையில் நிலைமை மோசமானால் எந்தக் கரையில் ஒதுங்குவது என்பதை அவர்கள் தீர்மானித்துக் குழுவுக்கு விளக்க வேண்டும். பயிற்றுநர் கேள்வி கேட்பார். ஆபத்தான திட்டமாக இருந்தாலொழிய மறுக்க மாட்டார். கடலில் மிக மெதுவாகச் செல்பவரின் வேகமே குழுவின் வேகம் என்பதை, அலுப்புற்ற வலிமையானவர்களிடம் எடுத்துச்சொல்லி நடைமுறைப்படுத்துவதும் அன்றைய தலைவரின் கடமை. இதைப் பதின்பருவத்தில் ஒருமுறை செய்துபார்த்தவருக்குப் பின்னாளில் எந்தக் குழுவையும் நடத்துவது சற்று எளிதாகும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இவற்றுள் மிகக் கடினமானது, எனவே மிகப் பயனுள்ளது, திரும்பிவிடலாம் என்று சொல்லும் முடிவு. நண்பர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது பதின்பருவத்தினர் அதிகத் துணிகரமான தெரிவுகளைச் செய்கிறார்கள் என்பதைக் கார் ஓட்டும் கணினி விளையாட்டு ஒன்றின் மூலம் மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பர்க்கும் 2005-இல் காட்டினார்கள். அத்தகைய வயதில், அழகான தீவு கண்ணுக்கெதிரே தெரியும்போது, எல்லாரும் போகத் துடிக்கும்போது, “காற்று கூடிவிட்டது, இன்று வேண்டாம்” என்று ஒருவர் சொல்வதற்குத் தனித் துணிவு வேண்டும். அதனால்தான் எல்லைகளை முன்கூட்டியே கரையில் வகுத்துக்கொள்கிறார்கள்: கடற்பரப்பில் பரவலாக வெண்ணுரை தெரிந்தால், அதாவது காற்று, அதன் வலிமையைக் குறிக்கும் பியூஃபோர்ட் அளவில் 4-ஐ எட்டி மணிக்கு 11 முதல் 16 கடல் மைல் வேகத்தில் வீசினால், குறுக்கே கடப்பதில்லை என்பது போல. மகள் பயணத்திலிருந்து வந்து “ஒரு நாள் நாங்கள் போகவேயில்லை” என்று சொன்னால் அதைக் குறையாக எண்ணாதீர்கள். அந்த முடிவு எப்படி எடுக்கப்பட்டது, யார் முதலில் சொன்னார்கள் என்று கேளுங்கள்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, ஒவ்வொரு பெற்றோரும் அறிய வேண்டிய நிகழ்வு ஒன்று உண்டு. 1993 மார்ச் 22 அன்று இங்கிலாந்தின் லைம் வளைகுடாவில் கயாக்கில் சென்ற பள்ளி மாணவர்கள் எட்டுப் பேரில் நால்வர் உயிரிழந்தனர். உடன் சென்ற பயிற்றுநர்களுக்குப் போதிய தகுதி இல்லை. அபாய அறிவிப்புக்கான தீச்சுடர்கள் இல்லை. காற்று கரையிலிருந்து கடல் நோக்கி வீசியது. குழு இரண்டாகப் பிரிந்தது. திரும்ப வேண்டிய நேரம் கடந்து நெடுநேரமான பிறகே கடலோரக் காவல்படை தேடத் தொடங்கியது. அதன் விளைவாக 1995-இல் பிரிட்டனில் இளையோர் சாகச மையங்களுக்குத் தனிச் சட்டமும், அதன் வழியே உரிம முறையும் வந்தன. அன்று நடந்தவற்றுள் எந்த ஒரு தவறும் தனித்து அந்த அழிவை விளைவிக்கவில்லை, எல்லாம் சேர்ந்தே விளைவித்தன. உங்கள் கேள்விகளையும் அதையொட்டியே அமைத்துக்கொள்ளுங்கள்.

பயிற்றுநர்களின் தகுதிச் சான்று திறந்த கடலுக்கானதா, ஏரிக்கு மட்டுமானதா என்று கேளுங்கள். ஒரு பயிற்றுநருக்கு ஆறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் நான் தயங்குவேன். நீர்புகாத வானொலித் தொடர்புக் கருவி, தீச்சுடர், இழுவைக் கயிறு ஆகியவை பயிற்றுநரின் உடலிலோ மேல்தளத்திலோ கைக்கு எட்டுமாறு இருக்குமா என்றும், கரையில் ஒருவர் பயணத் திட்டத்தை வைத்துக்கொண்டு எத்தனை மணிக்குத் தகவல் வராவிட்டால் உதவி கோருவார் என்றும் கேளுங்கள். கரையிலிருந்து கடல் நோக்கி வீசும் காற்றில் கரையோர நீர் பளிங்கு போல் தெரியும், வெளியே போகப் போகத்தான் அதன் வேகம் புலப்படும். அன்று அவர்கள் என்ன செய்வார்கள் என்பதற்கு உடனடிப் பதில் இருக்க வேண்டும். நீரின் வெப்பநிலை 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால், எவ்வளவு வெயில் அடித்தாலும் நீருக்கேற்ற உடையே அணிய வேண்டும். மிகக் குளிர்ந்த நீரில் விழுந்தவருக்கு மூச்சைச் சீராக்க ஒரு நிமிடம், கைகால்கள் பயன்படும் நிலையில் ஏறத்தாழப் பத்து நிமிடம், நினைவிழக்க ஏறத்தாழ ஒரு மணி நேரம் என்பது மீட்புப் பயிற்சியில் சொல்லப்படும் கணக்கு. நீச்சல் தெரிந்திருப்பது நல்லதே என்றாலும், உயிர்காப்பு அங்கியைக் கழற்றாமல் இருப்பதும் படகை விடாமல் பிடித்துக்கொள்வதுமே உயிரைக் காக்கும். மகளின் ஆஸ்துமா, ஒவ்வாமை, வலிப்பு போன்ற எதையும், இடம் கிடைக்காதோ என்று அஞ்சி மறைக்க வேண்டாம்.

இவற்றோடு, கடைசியாக எப்போது பயணத்தைப் பாதியில் நிறுத்தினீர்கள், ஏன் என்றும் கேளுங்கள். ஒருபோதும் நிறுத்தியதில்லை என்று பெருமையோடு சொல்பவரிடம் என் பிள்ளையை ஒப்படைக்க மாட்டேன். ஒவ்வொரு மாலையும் நடந்ததைப் பேசி அலசும் நேரம் உண்டா, அதில் பேசுபவர்கள் பிள்ளைகளா பயிற்றுநர்களா என்பதும் கேட்கத் தக்கது.

புறப்படுவதற்கு முன் மூட்டையை அவளே கட்டட்டும். விடுபட்டதை நீங்கள் பின்னால் நுழைத்து வைக்காதீர்கள். திரும்பி வந்த பின், அவளுக்குக் கடலில் கிடைத்த பொறுப்பை வீட்டில் பறித்துவிடாமல், குடும்பப் பயணம் ஒன்றின் வழி, நேரம், செலவு முழுவதையும் அவளிடம் விட்டு, அவள் தவறினாலும் அதன்படியே நடங்கள். ஆய்வுகள் காட்டும் பின்வளர்ச்சி இத்தகைய இடங்களில்தான் நிகழ வாய்ப்புண்டு.

அவளுடைய தயக்கம் பள்ளிக்குப் போகவே மறுக்கும் அளவுக்கோ, உறக்கமும் உணவும் குலையும் அளவுக்கோ இருந்தால், முதலில் உளவியல் ஆலோசகரைக் காணுங்கள். இந்தப் பயணம் சிகிச்சைக்கு மாற்றாகாது. அப்படி இல்லாமல், வெறும் அச்சத்தால் இப்போது வேண்டாம் என்கிறாள் என்றால், வற்புறுத்தாமல் அமைதியான நீரில் நடக்கும் ஒருநாள் அறிமுக வகுப்பில் சேர்த்துவிடுங்கள். அங்கே ஒருமுறை கவிழ்ந்து ஏறிய பிறகு, ஆறு நாள் பயணத்தைப் பற்றி அவளிடமே கேளுங்கள்.