ஊர்க் காசில் பெருக்கிப் பார்க்காதீர்கள், தம்பி

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தேன். வந்து ஐந்து மாதம் ஆகிறது, எதைக் கையில் எடுத்தாலும் ஊர்க் காசில் பெருக்கிப் பார்த்துத் திரும்ப வைத்துவிடுகிறேன், அப்படியும் மாதக் கடைசியில் கை காலியாகிவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நாள் முழுக்க நின்று செய்கிற வேலை, கால் வலிக்கிறது, ஆனாலும் நல்ல காலணி வாங்க மனம் வரவில்லை. விலையைப் பார்த்ததும் அப்பாவின் பாதி மாதச் சம்பளம் கண்முன் வந்து நிற்கிறது என்றும் சொல்கிறீர்கள். நான் இங்கே வந்து பதினேழு ஆண்டு. முதல் இரண்டு ஆண்டு நானும் இதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அந்தப் பெருக்கல். அதில் ஒரு பிழை இருக்கிறது. இங்குள்ள விலையை ஊர்க் காசுக்கு மாற்றுகிறீர்கள், இங்கே வாங்கும் சம்பளத்தை மாற்றுவதில்லை. இரண்டையும் மாற்றிப் பாருங்கள். இரண்டும் ஒரே எண்ணால்தான் பெருகும், அந்தச் சம்பளத்தில் வாங்க முடிந்தது எதுவும் ஒரு துளிகூட மாறாது. எல்லா விலைகளும் வருமானமும் ஒரே மடங்கில் ஏறினால் நுகர்வோரின் தேர்வு அப்படியே இருக்கும் என்பது பொருளியலின் அடிப்படைப் பாடம். நீங்கள் போடுவது இங்குள்ள விலையை அங்குள்ள வருமானத்தோடு மோதவிடும் கணக்கு. அதிலிருந்து பயம் வரும், முடிவு வராது.

நாடு மாறும்போது உண்மையில் மாறுவது ஒரு பொருளுக்கும் இன்னொரு பொருளுக்கும் உள்ள விலை விகிதம். சம்பளம் உயர்ந்த நாடுகளில் மனித உழைப்பு நேரடியாகச் சேர்ந்த எதுவும், முடி வெட்டுவதோ பழுது பார்ப்பதோ, மற்றவற்றோடு ஒப்பிட்டால் விலை கூடியதாகவே இருக்கும். எந்திரத்தில் செய்து கப்பலில் வந்து இறங்கும் பொருள் அப்படி ஏறுவதில்லை. இதற்கான காரணத்தை 1964-இல் பலாசா, சாமுவேல்சன் என்ற இரண்டு பொருளியலாளர்கள் தனித்தனியே விளக்கினார்கள். ஆகவே ஊரில் சிக்கனமாக இருந்த பழக்கம் இங்கே வீண்செலவு ஆகலாம். ஒரு பொருளைத் திரும்பத் திரும்பப் பழுது பார்ப்பது அங்கே புத்திசாலித்தனம். இங்கே சில சமயம் புதிதே மலிவு. நேர்மாறாகவும் நடக்கும். ஊரில் வழக்கமாக வாங்கிய பொருள்களின் பட்டியலை, அந்தப் பழைய கூடையை, அப்படியே தூக்கி வந்து புது விலைகளில் நிரப்பப் பார்த்தால் காசு போதாது. கூடையையே திரும்பக் கட்ட வேண்டும்.

எப்படிக் கட்டுவது? இதற்கு மிகத் தெளிவான பதிலை 1854-இல் கோசென் என்ற ஜெர்மானியர் எழுதி வைத்தார். அவர் இருந்தவரை அந்தப் புத்தகத்தை யாரும் பொருட்படுத்தவில்லை. அவர் இறந்து இருபது ஆண்டுக்குப் பிறகுதான் உலகம் கவனித்தது. எனக்கு அதில் இன்றும் ஒரு வருத்தம் உண்டு, ஏனென்றால் என் வாழ்க்கையில் நேரடியாக உதவிய பொருளியல் இது ஒன்றுதான். அவர் சொன்னது இரண்டு விஷயம். ஒரே பொருள் சேரச் சேர அடுத்த அலகு தரும் நிறைவு குறைந்துகொண்டே போகும். அதனால், ஒவ்வொரு செலவிலும் போகும் கடைசிக் காசு தரும் நிறைவு சமமாகும்படி பணத்தைப் பிரித்தால்தான் மொத்த நிறைவு உச்சத்தில் நிற்கும். பாடப்புத்தகம் இதைச் சம இறுதிநிலைப் பயன்பாட்டு விதி என்று சொல்லும்.

ஒரு சின்னக் கணக்காகப் பாருங்கள். போனுக்குப் போகும் கடைசி நோட்டு உங்களுக்கு 3 அளவு நிறைவு தருகிறது, பேருந்துக்குப் போகும் கடைசி நோட்டு 8 தருகிறது என்று வையுங்கள். போனில் ஒரு நோட்டைக் குறைத்துப் பேருந்தில் போடுகிறீர்கள். 3 போய் 8-ஐ விடக் கொஞ்சம் குறைவாக, 6 வருகிறது. போனில் மிச்சமிருக்கும் கடைசி நோட்டின் மதிப்பு இப்போது 4. இன்னொரு நோட்டை மாற்றினால் இரண்டிலும் கடைசி நோட்டின் மதிப்பு 5. அங்கே நிறுத்திவிடலாம், அதற்கு மேல் மாற்றினால் நஷ்டம். இந்த எண்களை யாராலும் அளக்க முடியாதே என்று கேட்பீர்கள். சரிதான். 1934-இல் ஹிக்ஸ், ஆலன் என்ற இரண்டு பொருளியலாளர்கள் அளவே வேண்டாம், எது மேல் எது கீழ் என்று வரிசைப்படுத்தத் தெரிந்தால் போதும் என்று இந்தத் தேர்வுக் கோட்பாட்டைத் திரும்பக் கட்டினார்கள். நமக்கும் அதுவே போதும். "இந்த நோட்டை இங்கே போடாமல் வேறு எங்கே போட்டால் எனக்கு இன்னும் நன்றாக இருக்கும்?" என்ற ஒரு கேள்வியைக் கேட்டால் சரி.

இதில் "கடைசி" என்ற சொல்லைக் கவனியுங்கள். வாடகை முக்கியம்தான். ஆனால் கூரையே இல்லாத நிலைக்கும் கூரைக்கும் நடுவே இன்று யாரும் உங்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்லவில்லை. இந்த அறைக்கும் கொஞ்சம் பெரிய அறைக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் முன்னால் இருக்கிறது. அந்த வித்தியாசத்துக்குத் தரும் காசை மட்டும் மற்றவற்றோடு ஒப்பிட வேண்டும். "இது அத்தியாவசியம், அது ஆடம்பரம்" என்று பொருளின் பெயரை வைத்துப் பிரிக்கும்போது இந்த ஒப்பீடே நடப்பதில்லை.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். முதல் ஆண்டு, இந்த நகரத்தின் விளிம்பில் மிக மலிவான அறை ஒன்று எடுத்தேன். மிச்சமான வாடகையை எண்ணி எண்ணிச் சந்தோஷப்பட்டேன். வேலைக்குப் போய்வர நாளுக்கு மூன்றரை மணி நேரம். வாரத்துக்கு ஆறு நாள் வேலை என்றால் 21 மணி நேரம். அந்த ஆண்டு மாலை நேர மொழி வகுப்பில் சேர முடியவில்லை. மொழி வராததால் அடுத்த நிலை வேலைக்கு இரண்டு முறை விண்ணப்பித்து இரண்டு முறையும் கிடைக்காமல் போனது. வாடகையில் மிச்சம் பிடித்ததை விடப் பல மடங்கு அங்கே போய்விட்டது. ஒரு பொருளின் முழு விலை என்பது அதற்குத் தரும் காசும் அதற்குப் போகும் நேரமும் சேர்ந்தது என்று பெக்கர் என்ற பொருளியலாளர் 1965-இல் எழுதியதைப் பிறகு படித்தபோது, அந்த அறைதான் நினைவுக்கு வந்தது. புதிதாக வந்தவர்களுக்குக் காசைப் போலவே நேரமும் தட்டுப்பாடு. இரண்டு பட்ஜெட் இருக்கிறது, தம்பி. ஒன்றை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இன்னொன்று ஓட்டைப் பாத்திரம் மாதிரி ஒழுகிக்கொண்டே இருக்கும்.

அப்புறம், வீட்டுக்கு அனுப்பும் பணம். இதில் மட்டும் ஊர்க் காசில் பெருக்கிப் பார்ப்பது நியாயமான கணக்கு, ஏனென்றால் அந்தக் காசு உண்மையிலேயே அங்கே போய் அங்குள்ள விலையில் செலவாகிறது. உங்கள் அம்மாவின் நிம்மதியும் உங்கள் நிறைவின் ஒரு பகுதிதான். அதைத் தியாகம் என்று தனியே ஒதுக்கி வைக்காமல் மற்றவற்றோடு சேர்த்தே எடை போடுங்கள். அனுப்பும் தொகையின் கடைசிப் பகுதி அங்கே மருந்துக்குப் போகிறது என்றால் இங்கே குறைத்துக்கொள்வது சரி. அது அங்கே யாரும் கேட்காத ஒன்றுக்குப் போகிறது, இங்கே உங்கள் உடம்பு நோகிறது என்றால் பணத்தைப் பிரித்த விதம் சரியில்லை என்று அர்த்தம். இதைச் சொல்ல எனக்கும் தயக்கமாக இருக்கிறது. ஆனால் உடம்பு படுத்துவிட்டால் அனுப்புவதும் நின்றுபோகும்.

எதுவும் வாங்கவில்லை, ஆனாலும் பணம் தீர்ந்துவிடுகிறது என்றீர்களே, அதற்கு இரண்டு காரணம் இருக்கும் என்று நினைக்கிறேன். இருபது நாள் அடக்கி வைத்த மனம் ஒரு நாள் உடைந்து, தேவையில்லாத ஏதோ ஒன்றில் மொத்தமாகக் கொட்டிவிடும். அல்லது, பெரிய தொகை மட்டும்தான் செலவாகக் கண்ணில் படும், சில்லறையாகப் போவது பதிவாகாது. காசுக்குக் காசு வித்தியாசம் கிடையாது, ஆனால் மனம் அதைத் தனித்தனி உண்டியல்களில் போட்டு வைக்கும். இந்த மனக் கணக்குப் பழக்கத்தைத் தேலர் என்ற பொருளியலாளர் நிறையவே ஆராய்ந்திருக்கிறார். மூன்று மாதம் எல்லாவற்றையும் எழுதுங்கள். குறைக்க வேண்டும் என்று எழுத வேண்டாம், பார்க்க வேண்டும் என்று எழுதுங்கள். ஒருவரின் விருப்பம் அவர் சொல்வதில் அல்ல, அவர் தேர்ந்தெடுப்பதில்தான் வெளிப்படும் என்பது சாமுவேல்சன் 1938-இல் வைத்த வாதம். உங்கள் பட்டியலைப் பார்த்து நீங்களே ஆச்சரியப்படுவீர்கள்.

இந்தக் கோட்பாடு ஒரு விஷயத்தை மட்டும் எளிதாக எடுத்துக்கொள்கிறது. நமக்கு எது பிடிக்கும், எது எவ்வளவு காலம் உழைக்கும் என்பதெல்லாம் முன்பே தெரியும் என்று வைத்துக்கொள்கிறது. புதிதாக வந்தவருக்கு இது தெரியாது. அதனால் முதல் ஆண்டில் சில செலவுகள் தவறாகவே போகும், அதைக் கற்றுக்கொள்ளக் கொடுத்த கட்டணமாக எண்ணுங்கள். எல்லாக் கடையும் ஏறி இறங்கி மிகச் சிறந்ததைத் தேட வேண்டியதில்லை. போதுமான அளவு நல்லது கிடைத்ததும் நிறுத்திக்கொள்வது மனிதர்களால் செய்யக்கூடிய முறை என்று சைமன் என்ற அறிஞர் 1956-இல் சொன்னது நம்மைப் போன்றவர்களுக்கு நன்றாகப் பொருந்தும்.

சரி, காலணி. இப்போது போட்டிருப்பது நான்கு மாதத்தில் தேய்ந்துவிட்டது என்றீர்கள். நல்ல காலணி அதைப் போல மூன்று மடங்கு விலை, இரண்டு ஆண்டு உழைக்கும் என்று வைத்துக்கொண்டால், அந்த இரண்டு ஆண்டில் மலிவானதை ஆறு முறை வாங்கியிருப்பீர்கள். காசிலேயே பாதிதான் ஆகிறது, கால் வலியைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. மூன்று மடங்கை ஒரே மாதத்தில் எடுப்பதுதான் சிரமம், அதற்கு இந்த மாதம் எது கொஞ்சம் பொறுக்கும் என்று பட்டியலில் பாருங்கள். அப்பாவிடம் விலையைச் சொல்ல வேண்டாம், கால் வலி நின்றுவிட்டது என்று மட்டும் சொல்லுங்கள். இந்த வார விடுமுறையிலேயே போய் வாங்கிவிடுங்கள். மாலையில் போங்கள், நின்று நின்று கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில் போட்டுப் பார்த்தால்தான் அளவு சரியாக அமையும்.