விரல் மடங்காதவன் ரக்பி ஆடலாமா?

பிசியோதெரபிஸ்ட் என்பதால் வீல்சேர் ரக்பி பற்றி என்னிடம் கேட்கிறார்கள். அடிக்கடி வரும் நான்கு கேள்விகள்.

புளியமரத்திலிருந்து விழுந்து தம்பிக்குக் கழுத்தில் அடி. விரலே மடங்காது, பந்தை எப்படிப் பிடிப்பான்? (மேலூர்)

அவனை மாதிரி ஆட்களுக்காகவே வந்த ஆட்டம்தான் அக்கா இது. கையில் பலம் இல்லாததால் வீல்சேர் கூடைப்பந்தில் ஓரமாகவே உட்கார வேண்டியிருந்தவர்கள் 1970களில் கனடாவின் வின்னிபெக் நகரில் தொடங்கியது. பந்தை இறுக்கிப் பிடிக்கவே வேண்டாம், உள்ளங்கையால் அணைத்து மடியில் போட்டுக்கொண்டு சக்கரத்தைத் தள்ளலாம், 10 நொடிக்கு ஒருமுறை தரையில் தட்டவோ இன்னொருவருக்குத் தரவோ வேண்டும், அவ்வளவுதான். பந்தோடு இரண்டு சக்கரம் எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டினால் கோல்.

கை நன்றாக வருகிறவர்களே ஆடிவிட மாட்டார்களா?

முடியாது. இயக்கத் திறனைப் பார்த்து ஆளுக்கு 0.5 முதல் 3.5 வரை புள்ளி தருவார்கள், திறன் கூடினால் புள்ளியும் கூடும். களத்தில் நிற்கும் நால்வரின் கூட்டு 8-ஐத் தாண்டக் கூடாது (பெண் ஆடினால் சலுகை உண்டு, ஆணும் பெண்ணும் கலந்தே ஆடுவார்கள்). 3.5 ஆட்கள் இரண்டு பேரை இறக்கினால் மிச்சம் ஒரே புள்ளி, அதற்கு இரண்டு 0.5 ஆட்களைத்தான் தேட வேண்டும். அந்த 0.5 ஆள் பந்தைத் தொடாமலே, தன் நாற்காலியின் முன்பக்கக் கொக்கியால் எதிரணியின் வேகக்காரரை மாட்டி நிறுத்திவிடுவார். எனக்கு இந்த ஆட்டத்தில் பிடித்ததே அதுதான்.

முட்டி மோதுவார்களாமே, பயமாக இருக்கிறது.

மோதுவார்கள். பழைய பெயரே மர்டர்பால், அதாவது கொலைப்பந்து. ஆனால் நாற்காலியோடு நாற்காலிதான் மோதலாம், ஆளைத் தொட்டால் ஃபவுல். அலங்காநல்லூர் பக்கத்துக்காரர் இதற்குப் போய்ப் பயப்படலாமா!

நம்ம மதுரை வெயிலில் ஆட முடியுமா? (திருமங்கலம்)

இதுதான் உருப்படியான கேள்வி. கழுத்தில் தண்டுவடம் அடிபட்டால் அதற்குக் கீழே சரியாக வியர்க்காது, உடம்புச் சூடு தணிய வழியில்லை. அக்னி நட்சத்திரத்தில் தகரக் கூரைக்குக் கீழே மத்தியானப் பயிற்சி வேண்டவே வேண்டாம். விடிகாலையில் வையுங்கள், முகத்திலும் கையிலும் ஸ்ப்ரே பாட்டிலால் தண்ணீர் அடித்துக்கொண்டே இருங்கள், குடித்தால் மட்டும் போதாது. அப்புறம், திடீரென மண்டை வெடிக்கிற மாதிரி வலித்து முகம் சிவந்தால் வெயில் என்று விட்டுவிடாதீர்கள், இரத்த அழுத்தம் எகிறியிருக்கலாம். உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, பெல்ட்டைத் தளர்த்தி, சிறுநீர் போக மாட்டியிருக்கும் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். வலி விடவில்லை என்றால் நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.