பீரோவில் இருக்கும் மாத்திரை – கடிதமும் பதிலும்

அன்புள்ள எழுத்தாளர் அம்மாவுக்கு,

வணக்கம். நாட்டு மருத்துவச்சிகள் பற்றி நீங்கள் எழுதியதை என் மகன் போனில் காட்டினான். அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

எங்களுக்குக் கோபி பக்கம் ஒரு கிராமம். மகனும் மருமகளும் கோவையில் கம்பெனி வேலை. மருமகள் இப்போது 11 வாரம் முழுகாமல் இருக்கிறாள். அங்கே பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று இங்கே கூட்டி வந்துவிட்டோம். வாயில் எது போனாலும் அஞ்சு நிமிஷத்தில் வெளியே வந்துவிடுகிறது. இரண்டு நாளாகத் தண்ணீர்கூட நிற்கவில்லை. கல்யாணத்தின்போது 52 கிலோ, கர்ப்பம் தெரிந்தபோதும் அதேதான். போன வாரம் 47. பக்கத்து கிளினிக்கில் இரண்டு தடவை குளுக்கோஸ் ஏற்றினார்கள். மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்கள். மூணு மாசம் முடியாமல் ஒரு மாத்திரையும் உள்ளே போகக்கூடாது என்று என் அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் அது பீரோவிலேயே இருக்கிறது.

நானும் மூணு பெற்றவள். எனக்கும் மசக்கை இருந்தது. வாந்தி எடுத்துவிட்டு வந்து மாட்டுக்குத் தட்டு அறுத்துப் போட்டிருக்கிறேன். இவள் எழுந்து உட்காரவே மாட்டேன் என்கிறாள். சொந்தக்காரர்கள் செல்லம், நடிப்பு என்கிறார்கள். எனக்கும் அப்படி ஒரு நினைப்பு வராமல் இல்லை. ஆனால் நேற்று ராத்திரி, "அத்தை, எனக்கு இந்தக் குழந்தையே வேண்டாம்னு தோணுது" என்றாள். முதலில் கோபம் வந்தது. அப்புறம் பயமாகிவிட்டது. நான் என்ன செய்யட்டும்?

பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள அம்மா,

கடிதம் கண்ட அன்றே உங்களுக்கு இரண்டு வரி அனுப்பினேன்: நாள் பார்க்க வேண்டாம், பிரசவப் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோங்கள், வண்டி இல்லையென்றால் 108-ஐக் கூப்பிடுங்கள் என்று. மறுநாளே ஈரோட்டில் சேர்த்துவிட்டதாகவும், மூன்றாம் நாள் அரை இட்லி வயிற்றில் தங்கியதாகவும் எழுதினீர்கள். நிம்மதி. அதன்பின் நீங்களும் மகனும் எழுதிக் கேட்டவற்றையும் சேர்த்து இப்போது பொதுவில் பதில் எழுதுவது, இதே மாத்திரை இன்னும் எத்தனையோ பீரோக்களில் இருக்கும் என்பதால்தான். நான் மருத்துவர் இல்லை. என் தங்கைக்கு இந்த நோய் வந்தபோது தேடிப் படிக்கத் தொடங்கியவள். வெளியிடும் முன் மகப்பேறு மருத்துவரான என் தோழி இதைப் படித்துத் திருத்தித் தந்தார்.

முதலில் அந்த நடிப்பு விஷயம். யாராலும் அஞ்சு கிலோவை நடித்துக் குறைக்க முடியாது. கர்ப்பிணிகளில் பத்துக்கு ஏழு பேருக்காவது குமட்டலோ வாந்தியோ வரும். உங்களுக்கு வந்தது அது. ஆனால் நூற்றில் ஒருவருக்கோ இருவருக்கோ, மிஞ்சிப்போனால் மூவருக்கோ, அது எல்லை மீறிப் போகும். கர்ப்பத்துக்கு முன்பிருந்த எடையில் நூற்றுக்கு அஞ்சு பங்குக்கு மேல் குறைந்து, உடம்பில் நீர் வற்றி, அன்றாட வேலை எதுவுமே முடியாமல் ஆள் படுத்துவிட்டால், மருத்துவர்கள் அதை ‘ஹைப்பரெமெசிஸ் கிராவிடாரம்’ என்று தனி நோயாகவே பார்க்கிறார்கள். உங்கள் மருமகள் இழந்தது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு.

நம் சினிமாவும் இதில் ஒரு குற்றவாளி. கதாநாயகி ஒரே ஒரு தடவை வாயைப் பொத்திக்கொண்டு ஓடுவாள், பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள், அடுத்த காட்சி வளைகாப்பு. இதைப் பார்த்து வளர்ந்த நமக்கு, வாந்தி எடுத்துச் சாகக் கிடக்கும் பெண்ணைப் பார்த்தாலும் வாய் தன்னால் சிரித்துவிடுகிறது.

ஒருத்திக்கு லேசாகவும் இன்னொருத்திக்கு உயிர் போகிற மாதிரியும் ஏன் வர வேண்டும்? இதற்கு நல்ல விடை கிடைத்தது சமீபத்தில்தான். மார்லினா ஃபெய்சோ என்ற அமெரிக்க மரபியல் ஆய்வாளர் 1999-இல் கர்ப்பமாக இருந்தபோது இதே நோயில் விழுந்தார். மிகைப்படுத்துகிறார் என்றுதான் அவருடைய மருத்துவரும் நினைத்தார். அந்தக் குழந்தை தங்கவில்லை. அதன்பிறகு அவர் இந்த நோயையே தன் ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டார். அவரும் கேம்பிரிட்ஜின் ஸ்டீஃபன் ஓ’ராஹிலியும் மற்றவர்களும் சேர்ந்து 2023 டிசம்பரில் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட முடிவு இது: கருவும் நஞ்சுக்கொடியும் ஜிடிஎஃப்-15 என்ற ஹார்மோனை ஏராளமாகத் தாயின் ரத்தத்தில் கலக்கின்றன. அது மூளைத்தண்டில் போய்க் குமட்டலைத் தூண்டுகிறது. கர்ப்பத்துக்கு முன்பே அந்த ஹார்மோன் ஓரளவு கூடுதலாக இருந்த பெண்ணுக்கு உடம்பு பழகியிருக்கும். மிகக் குறைவாக இருந்தவளுக்குத்தான் திடீர் வெள்ளம் தாங்காது. இலங்கையில் தலசீமியா உள்ள பெண்களிடமும் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். அந்த ரத்த நோயில் இந்த ஹார்மோன் எப்போதும் மிக அதிகமாக இருக்கும். அவர்களில் மிகச் சிலருக்குத்தான் கர்ப்பகால வாந்தி இருந்தது.

ஆகவே நீங்கள் தட்டு அறுத்ததும் அவர் படுத்திருப்பதும் மன உறுதியின் கணக்கில் வராது. உங்கள் உடம்புக்கு வந்த சுமை வேறு, அவர் உடம்புக்கு வந்தது வேறு.

இனி உங்கள் அக்காவின் பயம். அதை நான் கேலி செய்ய மாட்டேன், அந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1957-இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு என்ற மாத்திரையைத் தூக்கத்துக்கும் மசக்கைக்கும் கர்ப்பிணிகள் போட்டார்கள். 1961-இல் அதைத் திரும்பப் பெறுவதற்குள் பல நாடுகளில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கைகால் குறைந்து பிறந்துவிட்டன. மூன்று மாதத்துக்குள் மாத்திரை கூடாது என்று இன்றுவரை நம் வீடுகளில் சொல்வதில் அந்த அச்சத்தின் மிச்சமும் இருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் கதையின் அடுத்த பாதி நம் வீடுகளுக்கு வந்து சேரவேயில்லை. உங்கள் மகன் அனுப்பிய சீட்டில் இருப்பது டாக்சிலமினும் பைரிடாக்சினும் சேர்ந்த மாத்திரை. ஒன்று பழைய அலர்ஜி மருந்து, மற்றது வைட்டமின் பி6. இந்த இரண்டும் அடங்கிய மருந்து 1956-இலிருந்து அமெரிக்காவில் ‘பெண்டெக்டின்’ என்ற பெயரில் விற்றது. லட்சக்கணக்கான கர்ப்பிணிகள் சாப்பிட்டார்கள். தாலிடோமைடு பயத்தில் இதன்மேலும் வழக்குகள் குவிய, 1983-இல் கம்பெனியே விற்பனையை நிறுத்திவிட்டது. பிறகு என்ன ஆயிற்று? ஊனத்தோடு பிறக்கும் குழந்தைகளின் விகிதம் குறையவில்லை. வாந்திக்காக மருத்துவமனையில் சேர்ந்த கர்ப்பிணிகள்தான் அதிகமானார்கள். ஒரு தேசமே தன்னையறியாமல் செய்து பார்த்த பரிசோதனை என்று இதைச் சொல்லலாம். 2013-இல் அதே கூட்டு மருந்துக்கு அமெரிக்க அரசு மறுபடி அனுமதி கொடுத்தது. நடுவில் முப்பது வருஷம் அங்கே பெண்கள் காரணமில்லாமல் துன்பப்பட்டார்கள். உங்கள் அக்காவிடம் இதைச் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் கவனம். இது வாந்தி வந்தபின் போடும் மாத்திரை இல்லை. மருத்துவர் சொன்ன கணக்கில் தினமும் விடாமல் போட வேண்டும். ராத்திரி போட்டது காலையில் வேலை செய்யும். தூக்கம் வரும், அதைச் சோம்பல் என்று எண்ண வேண்டாம்.

ஒண்டன்செட்ரான் என்ற இன்னொரு வாந்தி மருந்து பற்றியும் கேட்டிருந்தீர்கள். முதல் மருந்து போதாதபோது அதைத் தருவார்கள். ஏறத்தாழ 18 லட்சம் கர்ப்பங்களை அலசிய ஓர் அமெரிக்க ஆய்வு 2018-இல் வந்தது. முதல் மூன்று மாதத்தில் இதைச் சாப்பிட்டவர்களுக்கு உதட்டுப் பிளவோ அண்ணப் பிளவோ உள்ள குழந்தை பிறப்பது பத்தாயிரத்துக்கு மூன்று வீதம் கூடுதலாக இருந்தது. இதயக் கோளாறு கூடவில்லை. ஒரு தாய் தண்ணீர்கூடத் தங்காமல் கிடப்பதை ஒரு தட்டிலும் இந்த மூன்றை மறு தட்டிலும் வைத்துப் பார்த்துத்தான் மருத்துவர் எழுதுகிறார்.

உண்மையில் நான் பயந்தது மாத்திரையை நினைத்து இல்லை, அந்த இரண்டு பாட்டில் குளுக்கோஸை நினைத்து. உடம்பில் வைட்டமின் பி1, அதாவது தையமின், இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் கையிருப்பு. வாரக்கணக்கில் சாப்பிடாதவருக்கு அது தீர்ந்திருக்கும். அந்த நிலையில் தையமின் கொடுக்காமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால், மிச்சமிருக்கும் கொஞ்சமும் செலவாகி மூளை பாதிக்கப்படலாம். பார்வை இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, பேச்சு குழம்புவது இதன் அறிகுறிகள். அரிதுதான், ஆனால் வந்தால் முழுதாகத் திரும்பாமலும் போகலாம். இவர்களுக்கு முதலில் தேவை ரத்தக்குழாயில் ஏற்றும் உப்புக் கரைசல் (சலைன்), ரத்தத்தில் குறைந்திருந்தால் பொட்டாசியம், கூடவே தையமின். "தையமின் போட்டாச்சா டாக்டர்?" என்று எந்த மருத்துவமனையிலும் தயங்காமல் கேட்கலாம். நம் ஊரில் சோர்ந்து போனாலே ஒரு பாட்டில் ஏற்றிக்கொண்டு வரும் பழக்கம் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஸ்கேன் எடுத்தார்களா என்றும் பாருங்கள். இரட்டைக் கரு, முத்துப்பிள்ளைக் கர்ப்பம் (நஞ்சுக்கொடித் திசு குலைகுலையாகத் தாறுமாறாக வளர்வது) இவற்றிலும் வாந்தி கடுமையாகும். தைராய்டு அளவு மாறியிருந்தால் உடனே பதற வேண்டாம். இந்த நோயிலேயே அது தற்காலிகமாக ஏறும், தானாக இறங்கும்.

இப்போது அந்த ராத்திரிப் பேச்சு. அவர் உங்களிடம் சொன்னாரே, அதுவே பெரிய விஷயம். இதைச் சொல்ல மாமியாரைத் தேர்ந்தெடுக்கும் பெண்கள் குறைவு. பிரிட்டனில் இந்த நோய் வந்த சுமார் 5,000 பெண்களிடம் கேட்ட ஒரு கணக்கெடுப்பில், கர்ப்பத்தைக் கலைத்துவிடலாமா என்று யோசித்தவர்கள் பாதிக்கு மேல். சாவைப் பற்றி நினைத்தவர்களும் இருந்தார்கள். குழந்தையை வெறுத்தவர்கள் என்று அவர்களைச் சொல்ல முடியுமா? வாரக்கணக்கில் தூக்கமும் சோறும் இல்லாமல், நம்பவும் ஆளில்லாமல் கிடந்தால் யாருக்கும் அந்த நினைப்பு வரும். கர்ப்பத்தைத் தொடர்வதா என்பது அவருடைய முடிவு. ஆனால் தீர்வை பீரோவில் வைத்துக்கொண்டு ஒருத்தியை அந்த முடிவின் விளிம்புக்குத் தள்ளுவது கொடுமை. அவர் அதையே மறுபடி சொன்னால் "அப்படிச் சொல்லாதே" என்று வாயை மூடாமல், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். மருத்துவரிடம் சொல்லுங்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் (டெலிமானஸ்) தமிழிலேயே பேசலாம்.

வீட்டுக்கு வந்தபின் சில சின்ன விஷயங்கள். தாளிப்பை நிறுத்தியதாக எழுதியிருந்தீர்கள், சரி. ஆறிய சோற்றில் வாடை குறைவு, அதுவே நல்லது. இஞ்சி, எலுமிச்சை எல்லாம் லேசான மசக்கைக்குத்தான். இந்த அளவுக்கு அவை போதாது, பிடிக்காவிட்டால் வற்புறுத்த வேண்டாம். எதைக் கேட்கிறாரோ அதைக் கொடுங்கள், சத்து இருக்கிறதா என்று பார்க்கும் காலம் பிறகு வரும். இரும்புச் சத்து மாத்திரை குமட்டலைக் கூட்டும். அதைத் தள்ளிப் போடலாமா என்று நர்சம்மாவிடமோ மருத்துவரிடமோ கேளுங்கள். ஃபோலிக் அமிலம் தொடரட்டும். உங்கள் வீட்டுக்காரர் புகையிலை போடுவதாகச் சொன்னீர்களே, அவரைக் கொஞ்ச நாள் திண்ணையோடு நிறுத்துங்கள்.

எட்டு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டாலோ, ஒரு முழு நாள் தண்ணீர் தங்காவிட்டாலோ, மயங்கி விழுந்தாலோ, வாந்தியில் ரத்தம், காய்ச்சல், வயிற்று வலி வந்தாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ திரும்ப மருத்துவமனைதான். இரண்டாம் முறை, மூன்றாம் முறை சேர்க்க நேர்ந்தாலும் வைத்தியம் தோற்றுவிட்டது என்று நினைக்க வேண்டாம், இந்த நோய் அப்படித்தான். பலருக்கு 20 வாரத்துக்குள் தணியும். சிலருக்குப் பிரசவம்வரை இழுக்கும்.

மருமகள் சம்பளமில்லாத விடுப்பில் இருக்கிறார், வேலை போய்விடுமோ என்று உங்கள் மகன் கவலைப்பட்டிருந்தார். 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு உதவிச் சட்டத்திலிருந்தே ஓர் உரிமை இருக்கிறது. கர்ப்பத்தால் வந்த நோய்க்கு, பிரசவ விடுப்பு போக, ஒரு மாதம் வரை சம்பளத்தோடு கூடுதல் விடுப்பு. அதற்கு மருத்துவச் சான்று வேண்டும். ஆகவே டிஸ்சார்ஜ் சீட்டில் நோயின் பெயரைத் தெளிவாக எழுதித் தரச் சொல்லுங்கள். வெறும் ‘வாந்தி’ என்று எழுதினால் அலுவலகத்தில் மதிக்க மாட்டார்கள். அந்தச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள், அடுத்த குழந்தைக்கும் அது தேவைப்படும். ஒருமுறை வந்தவர்களுக்கு மறுபடி வரும் வாய்ப்பு அதிகம். அப்போது வாந்தி முற்றும்வரை காத்திராமல் ஆரம்பத்திலேயே மாத்திரையைத் தொடங்கிவிடலாம்.

அன்புடன்.