95,000 டொலரோடு பாய்மரப் படகில் மூன்று வருடம் வாழ முடியுமா?

கேள்வி: 27 வருடம் வெளிநாட்டுக் கப்பல்களில் எஞ்சினியராக வேலை செய்துவிட்டு, 58 வயதில் திருகோணமலை உவர்மலையில் உள்ள வீட்டுக்குத் திரும்பியிருக்கிறேன். மனைவி ஓய்வுபெற்ற ஆசிரியை. அவருக்கு மாதம் 62,000 ரூபா ஓய்வூதியம். டவுனில் எங்களுக்கு இருக்கும் சிறிய கடையின் வாடகை 40,000 ரூபா. வெளிநாட்டு நாணயக் கணக்கில் 95,000 டொலர் இருக்கிறது, கடன் இல்லை. மகள் கனடாவில் குடும்பமாகிவிட்டார். மலேசியாவின் லங்காவித் தீவில் 36 அடிப் பாய்மரப் படகு ஒன்று 38,000 டொலருக்கு விலைக்கு வந்திருக்கிறது. 1987இல் கட்டியது. அதை வாங்கி மலேசியா, தாய்லாந்து, மாலைதீவு, எங்கள் துறைமுகம் என்று மூன்று வருடம் படகிலேயே வாழ ஆசை. மாதம் 1,000 டொலர் என்று பார்த்தால் மூன்று வருடத்துக்கு 36,000 தான். படகு வாங்கிய பிறகும் 57,000 மீதி. கணக்குச் சரியா? ரூபாவுக்கு வட்டி கூட என்பதால் மீதியை மாற்றி நிலையான வைப்பில் போடலாமா? தேவைப்பட்டால் வீட்டை விற்கலாமா?

பதில்: ஐயா, உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது. வேலைக்காகக் கடலில் கிடந்த ஒருவர் தன் விருப்பத்துக்காக ஒருமுறை கடலில் இருந்து பார்க்க நினைப்பதில் என்ன பிழை? ஆனால் கணக்கில் ஒரு பிழை இருக்கிறது. கூட்டலில் இல்லை, மாதம் என்ற சொல்லில்.

சம்பளக்காரர் எல்லோரும் மாதத்தால்தான் எண்ணுவோம். படகு மாதத்துக்கு மாதம் செலவு வைப்பதில்லை. பல மாதம் சும்மா இருந்துவிட்டு ஒரே வாரத்தில் பெருந்தொகையாகக் கேட்கும். இதை நான் படித்தது வங்கியில் இல்லை, எங்கள் வீட்டில். அப்பா கரைவலையில் பங்குக்கு இழுத்தவர். வாடை தொடங்கினால் வலை இறங்காது. அதனால் பங்குக் காசு கைக்கு வரும் அன்றே அம்மா ஒரு பகுதியை எடுத்து, அடுப்படித் தட்டில் இருந்த பால்மா டின்னுக்குள் போட்டுவிடுவார். அந்த டின்னுக்கு எங்கள் வீட்டில் பெயர் ஐப்பசிக் காசு. ஆனி ஆடியில் மீன் எவ்வளவு பட்டாலும், யார் கேட்டாலும், அதில் கை வைக்க விடமாட்டார். உங்கள் திட்டத்தில் இல்லாதது அந்த டின்தான்.

சில வருடங்களுக்கு முன், உள்துறைமுகத்தில் நங்கூரமிட்டிருந்த ஒரு பிரெஞ்சுத் தம்பதியின் படகுக்குப் போயிருந்தேன். ஒவ்வொரு சதத்தையும் எழுதி வைக்கும் ஆட்கள். கொப்பியைப் புரட்டினால் ஏழு மாதம் 750, 820, 790 யூரோ என்று அமைதியாகப் போகிறது. எட்டாவது மாதத்தில் ஒரே வரியில் 6,200. பாய்மரத்தைத் தாங்கும் உருக்குக் கம்பிகள் முழுவதையும் மாற்றிய செலவு. கழற்றிய கம்பியில் ஒரு துண்டைக் கணவர் ஞாபகமாக வைத்திருந்தார். அதன் முனையில், கம்பி உறைக்குள் நுழையும் இடத்தில், மயிரிழை மாதிரி ஒரு விரிசல். நகத்தால் தடவினால்தான் தெரிகிறது. அந்த விரிசலின் விலைதான் 6,200 யூரோ. கம்பி நடுக்கடலில் விட்டிருந்தால் மரமே போயிருக்கும் என்றார் அந்த அம்மா.

இந்தக் கம்பிகளுக்கு ஆயுள் பத்துப் பன்னிரண்டு வருடம். பழைய கம்பி என்றால் காப்புறுதி நிறுவனங்களும் கேள்வி கேட்கும். எங்கள் வெயிலில் பாய்த்துணியும் சீக்கிரம் நைந்துவிடும். ஈய அமிலப் பற்றரி மூன்றிலிருந்து ஐந்து வருடம் வரும். அடிப்பகுதியில் சிப்பியும் பாசியும் ஒட்டாமல் இருக்க, வருடத்துக்கு ஒருமுறையோ இரண்டு வருடத்துக்கு ஒருமுறையோ கரையேற்றிப் பூச்சு அடிக்க வேண்டும். நீங்கள் எஞ்சினியர் என்பதால் எஞ்சின் கூலி உங்களுக்கு மிச்சம். அது பெரிய காசு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கப்பலில் உதிரிப்பாகம் கேட்டு எழுதினால் கம்பனி அனுப்பிவைக்கும். இங்கே கேட்பவரும் நீங்கள், காசு கட்டுபவரும் நீங்கள்.

சரி, உங்கள் 95,000ஐ நான் பிரிக்கும் விதத்தைப் பாருங்கள். படகு 38,000. வாங்கும் முன் கரையேற்றிப் படகைப் பரிசோதிக்கும் சர்வேயரிடம் காட்ட, பதிவு செய்ய, பத்திர வேலைகளுக்கு 2,500. இத்தனை வயதுள்ள படகில் முதல் ஆறு மாதத்திலேயே திருத்தத்துக்கு 9,000 வைக்க வேண்டும். உயிர்காப்புத் தெப்பம், அபாய அறிவிப்புக் கருவி, வானொலி, பிற கப்பல்களுக்கு உங்களைக் காட்டும் கருவி எல்லாம் சேர்ந்து 4,500. ஆக, பாய் விரிக்கும் முன்பே 54,000 போய்விட்டது. மிச்சம் 41,000. அதில் 10,000ஐத் திரும்பிவரும் காசு என்று தனிக் கணக்கில் போட்டுவிட்டு மறந்துவிடுங்கள். சுகமில்லாமல் போனால் விமானச் சீட்டு, படகை அவசரமாக விட்டுவர நேர்ந்தால் கட்ட வேண்டிய கட்டணம், ஊரில் மறுபடி காலூன்ற ஆறு மாதம், எல்லாம் அதற்குள். கையில் 31,000.

வருடச் செலவுக்கு வருவோம். படகு விலையில் பத்து வீதம் பராமரிப்புக்கு என்று படகுக்காரர் சொல்வார்கள். பழைய படகுக்கு விலையோடு திருத்தச் செலவையும் சேர்த்துத்தான் அந்தப் பத்து வீதத்தைப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. 5,000 என்று வைப்போம். இதுதான் உங்கள் ஐப்பசிக் காசு. காப்புறுதி 1,000. விசா, துறைமுக முகவர், உள்வரவு வெளியேற்றப் பத்திரங்கள் 1,500. தொலைபேசி, இணையம் 600. வாழ்க்கைச் செலவு நீங்கள் சொன்னதைவிடக் கொஞ்சம் குறைவாகவே வரும்: மாதம் 900. இரண்டு பேர் சாப்பாட்டுக்கு 400, டீசலும் சிறு வள்ளத்துக்குப் பெற்றோலும் 70, காஸ், தண்ணீர், உடுப்புத் தோய்க்க 50, எப்போதாவது மரீனா என்ற கட்டணப் படகுத்துறையில் கட்ட 130, பஸ், வெளிச்சாப்பாடு 150, மருந்துக்கு 100. வருடத்துக்கு 10,800. எல்லாம் சேர்த்தால் 18,900. உங்கள் 31,000 இருபது மாதத்துக்குக்கூடக் காணாது.

அந்தப் படகை விடுங்கள் ஐயா. 31, 32 அடியில், 24,000 டொலருக்குள் ஒன்று தேடுங்கள். லங்காவி 1987இலிருந்து வரியில்லாத் தீவு. அங்கும் தாய்லாந்தின் புக்கெட்டிலும் பயணத்தை முடித்துக்கொண்டவர்கள் விற்கும் படகுகள் எப்போதும் இருக்கும். அவசரப்பட வேண்டியவர் விற்பவர், நீங்கள் இல்லை. நீளம் குறைந்தால் பாய், கயிறு, பூச்சு, கரையேற்றும் கூலி எல்லாமே குறையும். அப்படி எடுத்தால் படகு 24,000, சர்வே பத்திரம் 2,500, திருத்தம் 6,000, பாதுகாப்பு 4,500, ஆக 37,000. திரும்பிவரும் காசு 10,000 போக 48,000 மிஞ்சும். வருடச் செலவு: பராமரிப்பு 3,500, காப்புறுதி 700, மற்றவை முன்போல, மொத்தம் 17,100. இப்போது இரண்டே முக்கால் வருடம் தாங்கும்.

இன்னும் நீட்டலாம். வருடத்தில் ஏழு மாதம் படகு, ஐந்து மாதம் உவர்மலை. வீட்டில் இருக்கும் மாதங்களை ஓய்வூதியமும் கடை வாடகையும் பார்த்துக்கொள்ளும், டொலர் அசையாது. படகைக் கரையில் ஏற்றி வைக்க 1,200 கூடும், வாழ்க்கைச் செலவு 6,300ஆகக் குறையும். வருடத்துக்கு 13,800. அதே 48,000 கிட்டத்தட்ட மூன்றரை வருடம் வரும். எனக்குப் பிடித்த வழி இதுதான். பணத்துக்காக மட்டும் சொல்லவில்லை. காற்றும் அப்படித்தான் போகிறது. லங்காவியிலிருந்து திருகோணமலைக்குச் சுமார் 1,100 கடல்மைல், ஒன்பது பத்து நாள் ஓட்டம். தை, மாசியில் வாடை பின்னாலிருந்து தள்ளும்போது படகுக்காரர் வருவார்கள். காற்றுக்கு எதிரே எஞ்சினைப் போட்டு ஓடுகிறவருக்கு டீசலும் போகும், உடைவும் கூடும். தேதியை நீங்கள் வைத்தால் செலவு கூட, காற்று வைத்தால் குறைவு. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வங்காள விரிகுடாவில் இருக்க வேண்டாம். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் எங்கள் கரையில்தான் ஏறியது.

நங்கூரத்தில் மட்டும் மலிவு பார்க்க வேண்டாம். நல்ல நங்கூரமும் படகுக்கு ஏற்ற தடிப்பில் சங்கிலி 60 மீற்றரும் இருந்தால் மரீனாவுக்குக் கட்டும் காசு மிஞ்சும், இரவில் நித்திரையும் வரும். காஸ் சிலிண்டரின் வாய் நாட்டுக்கு நாடு மாறும், ரெகுலேட்டர் இரண்டு மூன்று வாங்க வேண்டிவரும். இப்படிச் சில்லறைச் செலவுகள் நிறைய. ஆனால் அவற்றால் யாரும் கவிழ்ந்ததில்லை.

டொலரை ரூபாவாக்கும் யோசனைக்கு என் பதில்: வேண்டாம். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபா அளவில் இருந்தது, மே மாதத்தில் 360ஐத் தொட்டது. செலவு டொலரிலும் ரிங்கிட்டிலும் இருக்கும்போது சேமிப்பு ரூபாவில் இருந்தால், அப்படி இரண்டு மாதம் உங்கள் பயணத்தில் கிட்டத்தட்டப் பாதியைத் தின்றுவிடும். ரூபா வட்டியில் பிடிக்கும் வரியும் 2025 ஏப்ரலில் 5 வீதத்திலிருந்து 10 வீதமாகிவிட்டது. ரூபாவாக்கிய காசை மறுபடி வெளியே எடுக்க வரம்புகளும் உண்டு. அடுத்த 12 மாதச் செலவைச் சேமிப்புக் கணக்கிலும், மீதியை டொலர் வைப்பாக வேறு வேறு முதிர்வுத் திகதிகளிலும் பிரித்து வையுங்கள். ஐப்பசிக் காசு தனிக் கணக்கில் இருக்கட்டும், அதற்கு அட்டை எடுக்க வேண்டாம். முற்பணம் கட்டும் முன், வெளிநாட்டில் படகு வாங்க அந்தக் கணக்கிலிருந்து காசு அனுப்ப என்ன ஆவணம் வேண்டும் என்று வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். சுங்கத்திடமும் அப்படியே. இலங்கையில் குடியிருக்கும் ஒருவர் கொண்டுவரும் படகு, வெள்ளைக்காரர் கொண்டுவரும் படகைப் போல நடத்தப்படும் என்று நம்பி வாங்கிவிடாதீர்கள். வரி கேட்டால் மேலே போட்ட கணக்கு முழுவதும் மாறும்.

வீட்டை விற்க வேண்டாம். படகின் விலை வருடா வருடம் இறங்கும், திரும்பிவரும்போது உங்கள் வயது ஏறியிருக்கும். உவர்மலையில் விற்ற காணியை அந்தக் காசுக்கு மறுபடி வாங்க முடியாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். கடிதம் முழுக்க உங்கள் ஆசை இருக்கிறது, ரீச்சர் என்ன நினைக்கிறார் என்று ஒரு வரி இல்லை. நீங்கள் 27 வருடம் அலையில் நித்திரை கொண்டவர். அவர் அந்த 27 வருடமும் கரையில் நின்று மகளை வளர்த்தவர். படகு வாங்கும் முன் 2,500 டொலர் ஒதுக்கி, லங்காவியில் இரண்டு கிழமை வாடகைப் படகில் இருவரும் இருந்து பாருங்கள். இரண்டு மாதச் செலவுக்கும் குறைவான காசு அது. அசைகிற அடுப்பில் சமைத்து, மழையில் நனைந்த மெத்தையில் படுத்து, பிறகும் அவர் போவோம் என்றால் தேடத் தொடங்குங்கள். அவருக்கு ஒத்துவரவில்லை என்றால், வருடத்தில் மூன்று மாதம் வாடகைப் படகு, மீதி நாள் வீடு என்று வேறொரு கணக்குப் போட்டுத் தருகிறேன். அதற்கும் உங்களிடம் காசு தாராளமாக இருக்கிறது.

படகு ஒன்று பொருந்தி, சர்வே அறிக்கை கைக்கு வந்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். பாய்மரக் கம்பிகள் எந்த வருடம் மாற்றியவை என்று எழுதியிருக்கும் பக்கத்தை முதலில் பார்ப்போம், விலை பேசுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.